என்ஜின் ஓடும்போது பேட்டரியைக் கழற்றாதீர்கள்

ஒரு சிறிய பெட்ரோல் அல்லது டீசல் என்ஜின், பெல்ட்டில் ஓடி சுழற்சியை மின்சாரமாக்கும் ஒரு கார் ஆல்டர்னேட்டர், ஒரு பேட்டரி. இந்த மூன்றையும் இணைத்தால் மின்கம்பி எட்டாத இடத்தில் டி.சி. மின்சாரம் தயார். இணைப்பது பெரிய வேலை இல்லை. ஆனால் பழுதாகி என் மேசைக்கு வருபவற்றைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரே கதைதான்: ஆல்டர்னேட்டரின் டையோடு (கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்) தட்டு கருகியிருக்கும், கூடவே இன்வெர்ட்டர் போர்டும் போயிருக்கும். விசாரித்தால், என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ பேட்டரி இணைப்பை எடுத்திருப்பார்கள்.

உள்ளே நடப்பது இதுதான். ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டாரில் ஒரு சுருள் இருக்கிறது. அதில் ஓடும் ஃபீல்டு கரண்ட்தான் காந்தத்தை உண்டாக்குகிறது. அது சுழலும்போது, சுற்றிலும் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டரில் மூன்று ஃபேஸ் ஏ.சி. பிறக்கிறது, 6 டையோடுகள் அதை டி.சி. ஆக்குகின்றன. 60 ஆம்பியர் பேட்டரிக்குப் போய்க்கொண்டிருக்கும் நேரத்தில் பேட்டரியைச் சட்டென்று விலக்கினால் அந்தக் கரண்டுக்குப் போக்கிடம் இல்லை. வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் உடனே ஃபீல்டை வெட்டத்தான் செய்யும். ஆனால் ரோட்டாரில் உள்ள காந்தம் அடங்கச் சில நூறு மில்லி விநாடிகள் ஆகும். அந்த இடைவெளியில், 14 வோல்ட் இருந்த லைனில் 80, 100 வோல்ட் வரை ஏறிவிடும். இதைத்தான் லோடு டம்ப் என்கிறோம். பல புதிய ஆல்டர்னேட்டர்களில் இந்த ஏற்றத்தை அமுக்கும் அவலாஞ்ச் டையோடுகள் வருகின்றன. இருந்தாலும் பக்கத்தில் மாட்டியிருக்கும் மின்னணுக் கருவிகளை அவற்றை நம்பி விட்டுவிட முடியாது.

லித்தியம் பேட்டரி வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் கூடிவிட்டது. இங்கே யாரும் கை வைக்கவே வேண்டாம். ஒரு செல்லில் வோல்டேஜ் எல்லை மீறினாலே, பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகையான பி.எம்.எஸ். தானாக இணைப்பைத் துண்டித்துவிடும். போதாததற்கு, லித்தியத்தின் உள்தடை மிகக் குறைவு. ஆல்டர்னேட்டர் தரக்கூடிய முழு ஆம்பியரையும் மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும். என்ஜின் மெதுவாக ஓடினால் ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும், அதனால் சுருள் வெந்துபோகும். அப்படி வந்த ஒன்றைத் திறந்தால் முதலில் வார்னிஷ் கருகிய வாடை மூக்கில் ஏறும். செம்பு நிறத்தில் பளபளக்க வேண்டிய ஸ்டேட்டர் சுருள் கறுத்துப்போய், நகத்தால் சுரண்டினால் பூச்சு பொடிப்பொடியாக உதிரும்.

அப்படியானால் எதை வைத்துக் கட்டுப்படுத்துவது? ஃபீல்டை வைத்து. 100 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டருக்கு ஃபீல்டு கரண்ட் வெறும் 3 முதல் 5 ஆம்பியர்தான். அந்தச் சின்னக் கம்பியில் ஒரு சுவிட்ச் வைத்தால் மொத்த மின்சாரமும் உங்கள் கைக்குள் வந்துவிடும். தொடங்கும்போது முதலில் பேட்டரி இணைந்திருக்கிறதா என்று பாருங்கள், என்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள், அது சூடேறிச் சீராக ஓடிய பிறகு ஃபீல்டைப் போடுங்கள். நிறுத்தும்போது முதலில் ஃபீல்டை அணையுங்கள். ஓரிரு நிமிடம் என்ஜினைச் சுமையில்லாமல் ஓடவிட்டு, அப்புறம் என்ஜினை நிறுத்துங்கள். பேட்டரி ஐசோலேட்டரை, அதாவது பேட்டரியைப் பிரிக்கும் மெயின் சுவிட்சைத் தொடுவது எல்லாவற்றுக்கும் கடைசியில்தான். பி.எம்.எஸ். வெட்டப்போகும் முன்னால் எச்சரிக்கை சிக்னல் தருமானால், அந்த சிக்னலே ஃபீல்டை அணைக்கும்படி ஒரு ரிலே போடுங்கள். லித்தியத்துக்கு இதைச் செய்யாமல் நான் எந்த அமைப்பையும் ஓட்டக் கொடுப்பதில்லை.

ஒரு நுணுக்கம். ரெகுலேட்டர் உள்ளேயே இருக்கும் பல ஆல்டர்னேட்டர்களில் எச்சரிக்கை விளக்குக்குப் போகும் கம்பியைத்தான் ஃபீல்டு கம்பி என்று நினைத்து அதில் சுவிட்ச் போடுகிறார்கள். ஒருமுறை உற்பத்தி தொடங்கிவிட்டால், அது தன் ஃபீல்டைத் தானே ஊட்டிக்கொள்ளும். அந்தக் கம்பியை வெட்டினாலும் நிற்காது. ரோட்டார் சுருளுக்கு ஃபீல்டு கரண்டைக் கொடுக்கும் பிரஷ் கம்பியை வெளியே எடுத்து, வெளி ரெகுலேட்டர் மாட்டுவதுதான் சரியான வழி. ஃபீல்டு சுருளின் குறுக்கே தலைகீழாக ஒரு டையோடும் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் அணைக்கும்போதெல்லாம் சுவிட்ச் முனையில் பொறி பறக்கும்.

நிரந்தரக் காந்தம் உள்ள டி.சி. மோட்டாரை ஜெனரேட்டராகப் பயன்படுத்துபவர்களுக்கு இந்த வசதி இல்லை. வேகம் ஏறினால் வோல்டேஜும் கூடவே ஏறும். என்ஜின் நின்றதும் பேட்டரியே அந்த மோட்டாரைச் சுழற்றப் பார்க்கும், அதைத் தடுக்க ஒரு டையோடு அவசியம். வெளியே எரியும் தீயில் ஓடும் நீராவி என்ஜினும் ஸ்டர்லிங் என்ஜினும் இதைவிடக் கவனம் கேட்பவை. பெட்ரோல் என்ஜினில் தீப்பொறியை நிறுத்தினால் ஓட்டம் நின்றுவிடும். பாய்லரிலும் சூடான தலைப்பகுதியிலும் தேங்கிய வெப்பம் அப்படி உடனே போகாது. சுமை விலகினால் என்ஜின் கட்டில்லாமல் வேகம் எடுக்கும். ஆகவே பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள ஒரு ஹீட்டர் சுருளை மாற்றுச் சுமையாக எப்போதும் தயாராக வைத்திருக்க வேண்டும். நீராவி என்ஜினுக்கு வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரும், பாய்லருக்கு சேஃப்டி வால்வும் இல்லாமல் தீ மூட்டவே கூடாது.

எரிபொருள் கணக்கையும் பார்த்துவிடலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் வெப்ப ஆற்றல் இருக்கிறது. சிறிய என்ஜின் அதில் 20 சதவீதத்தைச் சுழற்சியாக மாற்றினாலே நல்லது. கார் ஆல்டர்னேட்டர் அதில் பாதிக்குச் சற்று மேல் மின்சாரமாக்கும். முடிவில் பேட்டரிக்குப் போய்ச் சேருவது லிட்டருக்கு 1 யூனிட் அளவுதான். சுமை குறைவாக இருந்தால் இதுவும் கிடைக்காது, என்ஜின் தன் உராய்வுக்காகவே எரித்துக்கொண்டிருக்கும். லெட் ஆசிட் பேட்டரி 80 சதவீதம் வரை வேகமாக வாங்கும். மீதி 20 சதவீதத்துக்கு, 14.4 வோல்ட்டில் நிறுத்தி வைத்தாலும், கரண்ட் குறைந்துகொண்டே போய் மணிக்கணக்காகும். அந்தக் கடைசிப் பகுதியை சோலார் பேனலிடம் விட்டுவிட்டு, என்ஜினை நல்ல சுமையில் கொஞ்ச நேரம் ஓட்டி நிறுத்துவதே என் வாடிக்கையாளர்களுக்கு நான் சொல்லும் வழி. சோலார் இல்லையென்றால் அவ்வப்போது முழுதாக ஏற்றித்தான் ஆக வேண்டும். பாதியிலேயே கிடந்தால் தகடுகளில் சல்பேட் இறுகிவிடும்.

வயரிங் பற்றிச் சுருக்கமாக. 100 ஆம்பியர் ஓடும் கேபிளில் 0.01 ஓம் தடை இருந்தாலே 1 வோல்ட் போய்விடும், 100 வாட் சூடும் உண்டாகும். கேபிள் நுனியில் மாட்டும் லக் சரியாக அழுத்தப்படாத ஒரே ஒரு முனை இதற்குப் போதும். ஃப்யூஸும் பிரேக்கரும் டி.சி.க்கென்றே செய்தவையாக இருக்கட்டும். 50 ஹெர்ட்ஸ் ஏ.சி. விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதன் ஆர்க் (இணைப்பு பிரியும்போது இடைவெளியில் எரியும் மின்பொறி) தானே அணைய வாய்ப்புண்டு, டி.சி. ஆர்க்குக்கு அந்த வாய்ப்பு இல்லை. முக்கிய ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்க வேண்டும்.

சார்ஜ் ஆகும் லெட் ஆசிட் பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறியில் வெடிக்கும், ஆகவே பேட்டரிக்கும் காற்றோட்டம் வேண்டும். என்ஜினோ கட்டாயம் வெளியேதான் ஓட வேண்டும், ஜன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி. கதவைத் திறந்து வைத்திருக்கிறோமே என்று உள்ளே ஓட்டுகிறார்கள், அது போதாது. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்கும் அறையில் அதற்கான அலாரம் ஒன்றை மாட்டுங்கள். என்ஜின் ஓடும்போது யாருக்காவது தலைவலி, குமட்டல், மயக்கம் என்றால் அசதி என்று படுக்க வைக்காதீர்கள். முதலில் எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து மருத்துவ உதவிக்குச் சொல்லி அனுப்புங்கள். என்ஜினை நிறுத்துவதும் பேட்டரியைப் பார்ப்பதும் அதன் பிறகுதான்.