திருமணத்தை மறைக்கச் சொன்னவன்

குடும்பநல ஆலோசகராகப் பணியாற்றும் நான், இப்பணிக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி அளிக்கும்போது, டி. டபிள்யூ. கிரிஃபித் 1920இல் இயக்கிய ‘வே டவுன் ஈஸ்ட்’ என்னும் அமெரிக்க மௌனப் படத்தைத் திரையிடுவது வழக்கம். லாட்டி பிளேர் பார்க்கரின் மேடை நாடகத்தைத் தழுவிய அப்படத்தில், கிராமத்துப் பெண்ணொருத்தியை நகரத்துச் செல்வந்தன் ஏமாற்றும் முறை, என்னிடம் வருகிற பெண்கள் இன்று சொல்லும் விவரங்களோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

லிலியன் கிஷ் நடித்த அன்னா மூர், வறுமையில் வாடும் தாய்க்காகப் பணக்கார உறவினரிடம் உதவி கேட்கவே பாஸ்டன் நகருக்குப் போகிறாள். அங்கே அவளுடைய எளிய தோற்றமே உறவினருக்குக் கூச்சமாக இருக்கிறது. அப்படி ஒதுங்கி நிற்பவளிடம்தான் லெனாக்ஸ் சாண்டர்சன் பரிவு காட்டுகிறான். ஆசை காட்டுவது என்றதும் நகையும் பணமும் நம் நினைவுக்கு வருகின்றன. அன்னாவுக்குக் காட்டப்பட்ட ஆசையோ மணவாழ்க்கை. முறையாக வாழ வேண்டும் என்ற அவளுடைய விருப்பத்தையே பிடியாகக் கொண்டு, போலிப் பாதிரியாரை நிறுத்தி மணச்சடங்கு நடத்திவிட்டு, அதை யாரிடமும் சொல்லக் கூடாது என்கிறான்.

இந்த இடத்தில் நான் படத்தை நிறுத்திவிடுவேன். அவள் பக்கத்தில் அன்று நின்ற உறவினர் யார், சடங்கு எங்கே பதிவாயிற்று, எந்த நாள்வரை மறைக்க வேண்டும் என்று அவளிடம் கேட்க ஒருவர்கூட இல்லை என்பதைப் பயிற்சி பெறுபவர்கள் தாமாகவே கண்டுகொள்கிறார்கள்.

அவள் கருவுற்ற பிறகுதான் திருமணமே பொய் என்று அவன் சொல்கிறான். பிறந்த குழந்தை சாகும் தறுவாயில் இருக்க, அன்னா தன் கையாலேயே அதற்கு ஞானஸ்நானம் செய்யும் காட்சியை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். இன்றும் என்னால் கலங்காமல் பார்க்க முடிவதில்லை.

குழந்தையை இழந்த அன்னா, பார்ட்லெட் என்பவரின் பண்ணையில் வேலைக்குச் சேர்கிறாள். ஆற்றின் பனிப்பாளத்தில் மயங்கிக் கிடக்கும் அவளை பார்ட்லெட்டின் மகன் டேவிட் மீட்கும் காட்சியால்தான் படம் புகழ்பெற்றது. அதற்காகக் குளிர்ந்த ஆற்றுநீரில் கையைத் தொங்கவிட்ட கிஷ், அந்தக் கையின் பாதிப்பை வாழ்நாள் முழுவதும் அனுபவித்தார். ஆயினும் எனக்கு முக்கியமானது அதற்குச் சற்று முந்தைய காட்சி. அவளுடைய கடந்தகாலத்தை அறிந்த பார்ட்லெட், பனிப்புயல் வீசும் இரவில் அவளை வெளியேறச் சொல்கிறார். அதே சாப்பாட்டு மேசையில் சாண்டர்சன் மதிப்புக்குரிய விருந்தினனாக அமர்ந்திருக்கிறான். அவனைச் சுட்டிக்காட்டி, தன்னை ஏமாற்றியவன் இவனே என்று அன்னா சொல்லிவிட்டுத்தான் வெளியேறுகிறாள்.

அத்தனை இழப்புக்கும் பிறகே அவளால் அதைச் சொல்ல முடிந்தது. என்னிடம் வருகிற பெண் அவ்வளவு காலம் காத்திருக்கக் கூடாது என்பதால், முதல் சந்திப்பில் “ஏன் நம்பினீர்கள்?” என்று நான் கேட்பதில்லை. மறைக்கச் சொன்னவர் யார், எப்போது, என்ன காரணம் காட்டினார் என்று கேட்டு, அந்தப் பெண் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன்.