டிபி மாத்திரை கேட்கவில்லையா? லிம்போமாவையும் யோசியுங்கள்

விடாத இருமல், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, உடம்பு இளைப்பு என்றால் எந்த மருத்துவருக்கும் முதலில் காசநோய்தான் நினைவுக்கு வரும். வரத்தான் வேண்டும்; நம் பக்கம் அதுதான் அதிகம். ஆனால் நிணநீர்ப் புற்றுநோயான லிம்போமா நுரையீரலைத் தாக்கும்போதும் இதே தொந்தரவுகள்தான்.

மன்னார்குடிப் பக்கத்து விவசாயி ஒருவர் சம்பா அறுவடையில் ஆரம்பித்த இருமலை, அறுப்பு மெஷின் தூசி என்று விட்டுவிட்டார். பிறகு நெஞ்சில் நீர் கோத்தது. எடுத்த நீரில் டிபியில் ஏறும் ஏடிஏ என்ற நொதி அதிகம், லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களும் அதிகம். சளியில் கிருமி இல்லை. டிபி என்று மாத்திரை தொடங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து என்னிடம் வந்தபோது வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. "ஒரு வேளைகூட விடலைங்க டாக்டர்" என்றார். ராத்திரியில் பனியன் நனைந்து மாற்றவேண்டியிருக்கிறது என்றார் அவர் மனைவி. காறை எலும்புக்கு மேலே நெல்லிக்காய் அளவில் வலியில்லாத நெறி ஒன்று கையில் தட்டுப்பட்டது. முழுதாக எடுத்து அனுப்பினோம், லிம்போமா.

ஏடிஏ லிம்போமாவிலும் ஏறும். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களைக் காட்டும் பெட் ஸ்கேனில் டிபியும் புற்றுநோய் போலவே ஒளிரும். சதைப் பரிசோதனை இல்லாமல் இவற்றைப் பெரும்பாலும் பிரித்தறிய முடியாது. அதிலும் மெல்லிய ஊசியில் வரும் சில அணுக்கள் பெரும்பாலும் போதாது. மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பியில் கிடைக்கும் பொடித் துண்டுகளுக்கு 'நாள்பட்ட அழற்சி' என்று மட்டும் ரிப்போர்ட் வருவதுண்டு. அங்கேயே நின்றுவிடக் கூடாது. தடித்த ஊசியிலோ அறுவை மூலமோ போதிய சதை எடுத்து அணுக்களின் வகையைச் சாயமிட்டுக் காட்டும் ஐஹெச்சி பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். ஒரு துண்டை, கிருமியைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போடாமல் சலைன் என்ற உப்பு நீரில் வைத்தால் டிபி கிருமியையும் அதில் தேடலாம்.

எனக்கு மிகவும் கவலை தருவது ஸ்டீராய்டு. மூச்சுத் திணறலுக்கு என்று அதைப் போட்டதும் லிம்போமா சுருங்கும், நோயாளிக்குத் தெம்பு வரும். பிறகு எடுக்கும் சதையில் நோய் சரியாகத் தெரியாது. அவசரம் இல்லையென்றால் பயாப்ஸி என்ற சதைப் பரிசோதனை முடியும்வரை அது வேண்டாம்.

டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். இரண்டு மாதத்தில் காய்ச்சலும் எடையும் தேறவில்லை என்றால், மருந்துக்குக் கட்டுப்படாத டிபியா, வேறு நோயா என்று கேளுங்கள். பழைய எக்ஸ்ரே படங்களையும் கொண்டுவாருங்கள். நுரையீரலில் மெதுவாக வளரும் மால்ட் வகை லிம்போமா, ஆறாத நிமோனியா போல ஒரே இடத்தில் வருடக்கணக்கில் நிழலாக நிற்கும். படங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.