பாசிவ் இன்டர்மாடுலேஷன்: 'செயலற்ற' என்பது செல்லாது

'செயலற்ற இடைப்பண்பேற்றம்.' புதுச்சேரியில் ஒரு கருத்தரங்கில் கேட்டேன். பிறகு ஒரு கல்லூரிக் கையேட்டிலும் அதே சொல். பாசிவ் இன்டர்மாடுலேஷனுக்குத் தமிழாம். 'செயலற்ற', 'இடை' இரண்டுமே தப்பு.

முதலில் பொருள். கேபிள், கனெக்டர், மைக்ரோஸ்ட்ரிப் தடம் (மின்சுற்றுப் பலகையில் அலையைக் கொண்டுபோகும் உலோகப் பட்டை) போன்றவை தம் பங்குக்கு ஆற்றல் எதையும் சேர்ப்பதில்லை. அதனால்தான் அவை பாசிவ். அவற்றின் வழியே வலுவான இரண்டு அலைகள் சேர்ந்து போகும்போது, எங்கோ ஓர் இணைப்பு தளர்ந்தோ துருவேறியோ இருந்தால் வேண்டாத புது அலைகள் பிறக்கும். 935, 960 மெகாஹெர்ட்ஸில் அனுப்பினால், 935-இன் இருமடங்கில் 960 போக, 910-இல் ஒன்று முளைக்கும். ஜிஎஸ்எம் 900 என்ற கைபேசி அலைவரிசையில் கைபேசி கோபுரத்தோடு பேசும் பட்டை 890 முதல் 915 வரை. நேரே அதற்குள் விழுவதால் வடிகட்டியும் எறிய முடியாது. கடலூர் முதுநகர் உப்புக்காற்றில் கிடந்த பித்தளைக் கனெக்டரைக் கழற்றினால் மரையெல்லாம் பச்சைக் களிம்பு. இதுவா செயலற்றது? சொல்லாத வேலையெல்லாம் அல்லவா பார்க்கிறது!

பாசிவின் வேர் லத்தீனில் 'பட்டது, ஆட்பட்டது'.  

வங்கியில் 'செயலற்ற கணக்கு' என்றால் முடங்கிப்போன கணக்கு. அதே பழக்கத்தில் பாசிவ் ஃபில்டரைச் 'செயலற்ற வடிகட்டி' என்று படிக்கும் மாணவர், கெட்டுப்போனது என்றுதானே எடுத்துக்கொள்வார்? கணிதமாதிரிக்கு வந்தால் இன்னும் குழப்பம். தடத்தைச் சிறுசிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மின்தடையும் மின்னோட்டத்துக்கேற்ப இம்மியளவு மாறுவதாக வைத்து, அங்கங்கே பிறக்கும் அலைகளைக் கட்டம் (ஃபேஸ், அதாவது ஏற்ற இறக்கத்தில் எந்த நிலை என்பது) பார்த்துக் கூட்டுகிறோம். இழப்பு குறைவென்றால் முன்னே போகும் அலை தடம் நீள நீள வளரும். திரும்பி வருவது ஏறி இறங்கும். ஒவ்வொரு துண்டும் அலையைப் பிறப்பிக்கிறது என்று சமன்பாடு எழுதிவிட்டு, தலைப்பில் 'செயலற்ற' என்று போடுவது என்ன நியாயம்?

இலக்கணக்காரர்கள் இதை என்றோ தீர்த்துவிட்டார்கள்: செயப்பாட்டு வினை. அந்தப் 'படு'வை எடுத்துப் 'படுநிலை' என்றால் போதும். சிலர் சொல்லும் 'முனைப்பற்ற' பரவாயில்லை. ஆனால் அதுவும் இல்லாததைச் சொல்கிறதே தவிர, இருப்பதைச் சொல்லவில்லை.

'இடை'யும் ஆகாது. இடைநிலை அதிர்வெண் (இன்டர்மீடியட் ஃப்ரீக்வென்சி) என்று ரேடியோ பாடத்தில் ஏற்கெனவே ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இங்கே அலைகள் ஒன்றுக்குள் ஒன்று புகுகின்றன. வேர்க்கடலைக்குள் உளுந்து போட்டால் ஊடுபயிர் என்கிறோமே, அந்த 'ஊடு' எங்கே போயிற்று? மாடுலேஷனுக்குப் 'பண்பேற்றம்' பாடநூலில் ஊன்றிவிட்ட சொல், இருக்கட்டும். ஆக, படுநிலை ஊடுபண்பேற்றம்.

நீளம்தான். கோபுரத்தில் ஏறுகிறவர் ஆங்கிலச் சுருக்கமான 'பிம்' (PIM) என்றே சொல்லட்டும், அவரோடு எனக்குச் சண்டையில்லை. அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைத்துவிடும் மொழிபெயர்ப்பாளரோடுதான் சண்டை.