நீக்கப்பட்ட புகார்களும் ஒற்றை வரி ஸ்கிரிப்ட்டும்

2024 ஜூன் மாதக் கடைசியில், நான் பராமரித்துவரும் இணையதளங்களில் ஒன்றின் உரிமையாளரான ஜவுளிக்கடைக்காரர் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, ராத்திரி போன்ல நம்ம சைட்டைத் திறந்தா ஏதோ பந்தயம் கட்டுற பக்கத்துக்குப் போகுது, காலையில கடை கம்ப்யூட்டர்ல பார்த்தா ஒண்ணுமே இல்ல" என்றார். அவருடைய போனில்தான் ஏதோ வைரஸ் புகுந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததோடு நில்லாமல் அதை அவரிடமே சொல்லியும்விட்டேன். மறுநாள் தளத்தின் முகப்புக் கோப்பைத் திறந்தபோது, தலைப்பகுதியின் நான்காவது வரியில் பாலிஃபில்.ஐஓ என்ற டொமைனிலிருந்து (இணைய முகவரியிலிருந்து) ஒரு ஸ்கிரிப்ட்டை, அதாவது உலாவியில் ஓடும் நிரலை, இழுத்துவரும் இணைப்பு இருந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11-இல் தளம் சரியாகத் தெரியவில்லை என்பதற்காக 2017-இல் யாரோ ஒட்டிவிட்டுப் போன வரி அது.

பழைய உலாவிகளில் இல்லாத வசதிகளை ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழி கொண்டு ஈடுகட்டும் நிரல்துண்டைத்தான் பாலிஃபில் என்கிறோம். வருகிற உலாவி எது என்று பார்த்து, அதற்குக் குறைவதை மட்டும் அனுப்பிவைக்கும் அந்தச் சேவை லண்டனின் ஃபைனான்சியல் டைம்ஸ் இதழின் தொழில்நுட்பக் குழுவில் பிறந்தது. அது நல்ல வேலை என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. 2024 பிப்ரவரியில் அந்த டொமைனும், நிரல்களைப் பகிர்ந்து பராமரிக்கும் கிட்ஹப் தளத்தில் அதற்கிருந்த கணக்கும் ஃபன்னல் என்ற நிறுவனத்தின் கைக்குப் போயின. சேவையைத் தொடங்கிய ஆண்ட்ரூ பெட்ஸ், அந்த இணைப்பை உடனே அகற்றிவிடுங்கள் என்றும், இன்றைய உலாவிகளுக்கு அதன் தேவையே இல்லை என்றும் அப்போதே வெளிப்படையாக எச்சரித்தார். கிளவுட்ஃபிளேர், ஃபாஸ்ட்லி ஆகிய நிறுவனங்கள் மாற்றுப் பிரதிகளையும் ஏற்பாடு செய்தன. அவற்றையெல்லாம் படித்து மாற்றியவர்கள் தப்பித்தார்கள். நான் படிக்கவில்லை.

ஜூன் 25 அன்று சான்செக் என்ற பாதுகாப்பு நிறுவனம் விவரத்தை வெளியிட்டபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த இணைப்பு இருப்பதாகத் தெரியவந்தது. தீய நிரல் குறிப்பிட்ட சில கைபேசிகளில், குறிப்பிட்ட நேரங்களில் மட்டுமே வேலை செய்தது. தள நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவரைக் கண்டால் அடங்கிக்கொண்டது. பார்வையாளரைப் பந்தயத் தளத்துக்குத் திருப்பிவிட அது பயன்படுத்திய டொமைன், கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதி, 'எல்' எழுத்து வரும் இடங்களிலெல்லாம் 'ஐ' எழுத்தைப் போட்டதுபோல் இருந்தது. அவசரமாகப் பார்க்கிற கண் அதைக் கடந்துபோய்விடும். கடைக்காரர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை.

ஆனால் நான் சொல்லவந்தது அந்த நிரலைப் பற்றியன்று. டொமைன் கைமாறிய பிறகு எழுந்த புகார்கள் கிட்ஹப் பக்கத்திலிருந்து உடனுக்குடன் நீக்கப்பட்டன என்பதையும் சான்செக் தன் அறிக்கையில் குறிப்பிட்டிருந்தது. ஒரு லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்தொகுப்பை) தேர்ந்தெடுக்கும்போது பயனர்கள் இட்ட நட்சத்திர எண்ணிக்கையையும் பதிவிறக்க எண்ணிக்கையையும் பார்த்து முடிவெடுக்கிற நாம், புகார்கள் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதைப் பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

பதிவுகளைக் கட்டுப்படுத்தும் மட்டுறுத்தல் என்பதே தவறு என்று இதற்குப் பொருளில்லை. சம்பளமின்றி ஒரு லைப்ரரியைப் பராமரிப்பவரிடம், கடன் கொடுத்தவர்போல "எப்போது சரிசெய்வீர்கள்" என்று அதட்டுகிறவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன். "எனக்கும் இதே பிரச்சினை" என்ற ஒற்றை வரிப் பதில்கள் குவிவதைப் பொறுக்கமாட்டாமல் பராமரிப்பாளர்கள் பலர் 2016 ஜனவரியில் கிட்ஹப்புக்குத் திறந்த மடலே எழுதினார்கள். அதே ஆண்டு மார்ச்சில்தான் பதிவுகளுக்குக் கட்டைவிரல் குறியிடும் வசதி வந்தது. எனவே ஓர் இஷ்யூ (பிழையையோ கேள்வியையோ எழுப்பும் பதிவு) புதிய பதில் எழுத முடியாதபடி பூட்டப்பட்டிருப்பதைக் கண்டதும் சந்தேகப்படத் தேவையில்லை. பூட்டிய உரையாடல் அங்கேயே இருக்கும். பேச்சு சூடேறிவிட்டது, தலைப்புக்குத் தொடர்பற்றது என்பது போன்ற காரணத்தையும் குறிப்பிட்டுப் பூட்ட முடியும். எவரும் படித்துப் பார்க்கலாம். நீக்கிவிட்டால் படிக்க ஒன்றுமிராது. பாதுகாப்பு பற்றிய கேள்வி எழுந்து, பதில் வராமலேயே அந்தக் கேள்வி காணாமல் போகுமானால், அந்த லைப்ரரியை அன்றே கழற்றிவிடுவது நல்லது என்பது என் கருத்து.

நீக்கப்படாத கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ஈவன்ட்-ஸ்ட்ரீம் சான்று. வாரத்துக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் பதிவிறக்கப்பட்டுவந்த அந்த என்பிஎம் (ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரிகளின் பொதுக் களஞ்சியம்) பேக்கேஜை, தாம் பயன்படுத்துவதையே விட்டுவிட்டிருந்த அதன் ஆசிரியர், பார்த்துக்கொள்கிறேன் என்று முன்வந்த ஓர் அந்நியரிடம் 2018-இல் ஒப்படைத்தார். வந்தவர் அந்த ஆண்டு செப்டம்பரில் ஃபிளாட்மேப்-ஸ்ட்ரீம் என்ற சார்புப் பேக்கேஜை (அது தன்னோடு இழுத்துவரும் இன்னொரு லைப்ரரியை) உள்ளே சேர்த்தார். பின்னர் அதன் வழியே புகுந்த நிரல் கோபே என்ற பிட்காயின் பணப்பையைக் குறிவைத்தது. அது பயன்படுத்திய பழைய மறையீட்டுச் செயற்கூறு ஒன்று, 'இது கைவிடப்பட்டது' என்ற எச்சரிக்கையைத் திரையில் காட்டிக் கொடுத்துவிட்டது. நம்மில் பலர் கண்டும் காணாமல் விடுகிற அந்த எச்சரிக்கை வரி எங்கிருந்து வருகிறது என்று ஒரு பயனர் தோண்டிப்போய், கண்டதை நவம்பரில் இஷ்யூவாக எழுதினார். விஷயம் அப்படித்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

வெளி ஸ்கிரிப்ட்டை இணைத்தே தீர வேண்டும் என்றால், இணைப்பு வரியின் இன்டெக்ரிட்டி என்ற பண்பில் அந்தக் கோப்பின் ஹாஷ் மதிப்பை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீட்டை) சேர்த்துவிடுங்கள். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் உலாவி அதை இயக்காது. பாலிஃபில் சேவைக்கு இந்தக் காவல் பொருந்தவில்லை, ஏனெனில் அது உலாவிக்கு உலாவி வேறு வேறு கோப்பை அனுப்பியது. எல்லாவற்றுக்கும் பொதுவான ஹாஷ் என்று ஒன்று இருக்க வழியில்லை. இப்படிப்பட்ட கோப்புகளை நம் சர்வரிலேயே வைத்துக்கொள்வதுதான் சரி. ஒரு லைப்ரரியில் பாதுகாப்புத் துளையை நீங்களே கண்டுபிடித்தால் அதைப் பொது இஷ்யூவில் கொட்டிவிடாமல், பராமரிப்பாளர் குறிப்பிட்டிருக்கும் தனிவழியில் முதலில் தெரிவியுங்கள். சாதாரணப் பிழையென்றால் பதிப்பு எண்ணையும், பிழையை மீண்டும் வரவழைக்கும் பத்துவரி நிரலையும் சேர்த்து எழுதினால் அதற்குப் பதில் கிடைக்கும்.

அன்று நான்காவது வரியை எடுத்தபின் தளத்தில் எதுவுமே மாறவில்லை. இரவு பத்து மணிக்குக் கடைக்காரரைப் போனில் திறந்து பார்க்கச் சொன்னேன். "இப்ப நம்ம கடைதான் வருது" என்றார். அந்த வரியை ஒட்டிய 'யாரோ' யார் என்று அறியும் ஆவலில் கிட் வரலாற்றை (எந்த வரியை யார் சேர்த்தார் என்ற பதிவை) தேடியபோது, அந்த வரிக்கு நேரே இருந்தது என்னுடைய பெயர்.