மனித மூலதனம்: சொல் விளக்கம்

ஒருவர் கற்றும் பழகியும் உடல்நலம் பேணியும் தம்மிடம் சேர்த்துக்கொள்கிற, பிற்காலத்தில் வருவாய் ஈட்டித் தரும் திறன்களின் தொகுதியைப் பொருளியலார் ‘மனித மூலதனம்’ என்பர். எந்திரத்துக்குப் போலவே இதற்கும் முதலில் செலவிட வேண்டும். பலன் பல ஆண்டுகள் கழித்தே வரும். ஆனால் எந்திரத்தைப் போல இதை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. படிப்புக்குக் கடன் கொடுத்தவர், கடன் திரும்பாதபோது அந்தப் படிப்பைப் பறிமுதல் செய்ய இயலாது என்பதால், தனியார் கடன்சந்தை கல்விக்குப் போதிய பணம் தருவதில்லை. கற்றவரால் விளையும் நன்மையில் ஒரு பங்கு, அதற்காக எதுவும் செலவிடாத பிறருக்கும் போய்ச் சேர்கிறது. கல்விக்கு அரசே செலவிட வேண்டும் என்னும் பொருளியல் வாதம் பெரும்பாலும் இவ்விரண்டையும் பற்றியே நிற்கிறது.

கருத்து பழையது. மக்கள் பயின்று பெற்ற திறன்களையும் நாட்டின் நிலைமூலதனத்தில் (எந்திரம், கட்டடம் போல நீடித்துப் பயன்தரும் மூலதனத்தில்) சேர்த்தே ஆடம் சுமித் 1776இல் எண்ணினார். பொதுநிதியைப் பற்றி 1928இல் எழுதிய ஆங்கிலப் பொருளியலார் பிகூ ‘மனித மூலதனம்’ என்ற தொடரையே ஆண்டார். எனினும், தியோடர் சூல்ட்சு 1960இல் அமெரிக்கப் பொருளியல் சங்கத்தின் தலைவராக ஆற்றிய உரைக்குப் பின்னரே அது பரவலாக வழங்கலாயிற்று. அமெரிக்கப் பொருளியலார் கேரி பெக்கர் 1964இல் அதற்கு முழுமையான கோட்பாட்டு வடிவம் கொடுத்தார். மனிதரை மூலதனம் என்பது சிலருக்கு இழிவாகப் படும் என்பதைச் சூல்ட்சு தம் உரையிலேயே எடுத்துப் பேசினார். அந்தக் கூச்சம் முற்றிலும் நீங்கிவிடவில்லை: ஜெர்மனியில் 2004ஆம் ஆண்டின் ‘தகாத சொல்’லாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது இதே சொல்தான்.

மூலதனத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘கேப்பிட்டல்’, தலை என்று பொருள்படும் ‘கபுட்’ என்ற இலத்தீன் சொல்லின் வழிவந்தது. கால்நடையைக் குறிக்கும் ‘கேட்டில்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் வேர் அதுவே. தமிழில் ‘மாடு’ கால்நடையோடு செல்வத்தையும் குறித்தது. கல்வியொழிந்த பிற யாவும் செல்வமல்ல என்பதை “மாடல்ல மற்றை யவை” என்று குறள் (400) சொல்வது இப்பொருளில்தான்.

‘மூலதனம்’ வடமொழிச் சொற்கள் இரண்டின் கூட்டு. அதற்கு ஈடான ‘முதல்’ நம்மிடம் நெடுங்காலமாக உண்டு. “முதலிலார்க்கு ஊதியம் இல்லை” என்கிறது குறள் (449). அங்கே ஊதியம் என்பது வணிகத்தில் வரும் இலாபம். இன்றோ அது உழைப்புக்குப் பெறும் சம்பளம். மனித மூலதனக் கோட்பாட்டின்படி, படித்தவர் கூடுதலாகப் பெறும் சம்பளம் படிப்பென்னும் முதலுக்கு வரும் இலாபமே ஆதலால், அச்சொல்லின் இரு பொருளும் இங்கே ஒன்றாகி விடுகின்றன; இவ்வளவு பொருத்தம் தற்செயலாக வாய்ப்பது அரிது.

ஆயினும் ‘மனித முதல்’ என்று பிரித்தெழுதினால், ‘காலை முதல்’ என்பதைப் போலப் படிக்க இடமுண்டு. ‘மனித முதலீடு’ என்பது பிழை. முதலீடு என்பது முதலை இடும் செயலே தவிர முதல் அன்று. ‘மனித வளம்’ வேறு கருத்து. அது நிறுவனத்தின் கண்ணில் தெரியும் ஆட்கள், இதுவோ ஆளோடு பிரியாது செல்லும் திறன். ஆகவே ‘மாந்தமுதல்’ என்று சேர்த்தெழுதுவதும், அதனைப் பெருக்குவதை ‘மாந்தமுதலாக்கம்’ என்பதும் தகும் என்பது என் கருத்து.

இப்பரிந்துரைக்குக் கணக்கேடு சார்ந்த காரணமும் உண்டு. வரவு செலவுத் திட்டத்தில் ‘மூலதனச் செலவு’ என்றால் பள்ளிக் கட்டடம், ஆய்வகம் போன்றவையே; கல்விச் செலவில் பெரும்பங்காகிய ஆசிரியர் சம்பளம் வருவாய்ச் செலவில்தான் (சொத்து எதையும் உருவாக்காத அன்றாடச் செலவில்தான்) எழுதப்படுகிறது. நாட்டு வருமானக் கணக்கிலும் அச்சம்பளம் அரசின் நுகர்வாகவே பதிவாகிறது. நாட்டு வருமானத்தைக் கணக்கிடுவதற்கான 2008ஆம் ஆண்டின் பன்னாட்டுக் கணக்கு முறை மாந்தமுதலைச் சொத்தாக ஏற்கவில்லை. இதனால், மனித மூலதனத்துக்கு அரசு எவ்வளவு செலவிட்டது என்று அறிய விரும்பி மூலதனச் செலவுப் பத்தியைப் புரட்டும் வாசகர், சுவர்களுக்கும் மேசைகளுக்கும் ஆன தொகையை மட்டுமே அங்கே காண்பார்.