ஒரு உறையில் இரண்டு கத்தி: பழைய கம்ப்யூட்டரில் ஆன்டிவைரஸ் மாற்றுவது

சந்தூரில் அக்கா வீட்டு கம்ப்யூட்டர் 2013-இல் வாங்கியது. 4 ஜிபி ராம், சுழலும் ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. மாமாவின் மாங்கன்று நர்சரிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது: பெங்களூரா ஒட்டு எத்தனை, செந்தூரா எத்தனை, யாரிடம் எவ்வளவு பாக்கி. போன முறை போயிருந்தபோது அக்கா சொன்னாள்: "ஆன் பண்ணிட்டுப் போய் பால் காய்ச்சி டீ குடிச்சிட்டே வந்துடறேன் தம்பி, அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு. இந்த ஆன்டிவைரஸைத் தூக்கிப் போட்டுடலாமா?"

பெட்டியின் முன்பக்கச் சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நின்று எரிந்தது. காதை வைத்துக் கேட்டால் உள்ளே எலி சுரண்டுவதுபோல் கரகரவென்று சத்தம். எந்தப் பகுதி எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். கம்ப்யூட்டரின் மூளையான சிபியு 20 சதவீதம்கூட இல்லை. டிஸ்க் மட்டும் 100.

ஆன்டிவைரஸ் என்றால் ஸ்கேன் பொத்தானை அழுத்தும்போது மட்டும் வேலை செய்யும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதன் பெரும்பாலான வேலை நம் கண்ணில் படாமல் நடக்கிறது. கணக்கு ஃபைலைத் திறக்க இரண்டு முறை கிளிக் செய்கிறோம். அந்தக் கோரிக்கை டிஸ்கைப் போய்ச் சேருவதற்கு முன்பே, விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் உட்கார்ந்திருக்கும் ஃபில்டர் டிரைவர் என்ற ஆன்டிவைரஸின் சின்னப் புரோகிராம் அதை வழிமறிக்கிறது. ஃபைலைப் படித்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் விடும். இத்தகைய ஃபில்டர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். எது எந்த அடுக்கில் இருக்க வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட் எண் ஒதுக்கியிருக்கிறது. ஆன்டிவைரஸ்களுக்கான எண்கள் 320000 முதல் 329998 வரை.

இதில் பழைய கம்ப்யூட்டர் திணறுவதற்குக் காரணம் அதன் மூளை அல்ல, அதன் கை. சாதாரண ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது விநாடிக்கு 120 சுற்று சுழல்கிறது. படிக்கும் முனையைத் தாங்கிய கை சரியான தடத்துக்கு நகர ஏறக்குறைய 9 மில்லி விநாடி ஆகும். வேண்டிய இடம் சுழன்று முனைக்குக் கீழே வர சராசரியாக அரைச் சுற்று, இன்னொரு 4 மில்லி விநாடி. சிதறிக் கிடக்கும் சின்னத் துண்டுகளைப் படிக்கச் சொன்னால் விநாடிக்கு 80 துண்டுகூடத் தேறாது. எக்செல் திறக்கும்போது கூடவே டிஎல்எல் எனப்படும் அதன் துணை ஃபைல்களும் கூட்டமாகத் திறக்கின்றன. ஒரு டிஎல்எல்லில் எக்செல்லுக்கு ஒரு பகுதி போதும். ஆன்டிவைரஸோ தலை, நடு, வால் என்று பார்த்தாக வேண்டும். அந்தக் கூடுதல் அலைச்சலின் சத்தம்தான் நான் கேட்ட எலிச் சத்தம். சுழலும் தட்டுக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் நகரும் கையே கிடையாது. ஒரு துண்டை எடுக்க ஏறக்குறைய 0.1 மில்லி விநாடி. அதனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், ஆன்டிவைரஸ் சந்தாவுக்குச் செலவழிக்காமல் எஸ்எஸ்டிக்குப் போடுங்கள் என்பேன்.

படித்த ஃபைலில் எதைத் தேடுகிறது? தெரிந்த வைரஸ்களின் அடையாளத் துண்டுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினால் பொழுது விடிந்துவிடும். இதற்கு ஒரு அழகான வழியை ஆல்ஃப்ரட் ஆஹோவும் மார்கரெட் கொராசிக்கும் 1975-இல் வெளியிட்டார்கள். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் தர்மபுரி ரூட் கண்டக்டர் கூவுகிறார். 'கா' என்று காதில் விழுந்ததுமே காவேரிப்பட்டணம், காரிமங்கலம் என்ற இரண்டைத் தவிர மற்ற ஊர்கள் மனதிலிருந்து விலகிவிடும். அடுத்து 'ரி' வந்தால் காரிமங்கலம் மட்டும்தான் மிச்சம். ஊர்ப் பட்டியல் முழுவதையும் ஒவ்வொரு முறையும் யாரும் ஒப்பித்துப் பார்ப்பதில்லை. அதேபோல எல்லா அடையாளங்களையும் ஒரே மரமாகக் கிளைபிரித்து வைத்துக்கொண்டால், ஃபைலை ஒரே ஒரு முறை படித்தாலே போதும். எந்தக் கிளை முடிந்ததோ அந்த வைரஸ். கிளாம்ஏவி என்ற இலவச ஆன்டிவைரஸில் இந்த முறை இன்றும் ஓடுகிறது.

ஆனால் இது முகம் தெரிந்தவனைப் பிடிக்கும் முறை. தேன்கனிக்கோட்டை, ஜவளகிரி பக்கம் ராகி முற்றும் காலத்தில் யானைகள் வரும். வழக்கமாக வரும் யானையைத் தந்தத்தை வைத்தே ஊர்க்காரர்கள் சொல்லிவிடுவார்கள். புதிதாக வந்த யானையை அப்படிச் சொல்ல முடியாது. அது வேலியை முட்டுகிற விதத்தில்தான் தெரியும். ஆன்டிவைரஸும் ஒரு புரோகிராம் என்ன செய்கிறது என்று கவனிக்கிறது. ஒரு புரோகிராம் நூற்றுக்கணக்கான ஃபைல்களை வரிசையாகத் திறந்து, ஒவ்வொன்றையும் புரியாத எழுத்துகளாக மாற்றி எழுதினால், பெயர் தெரியாவிட்டாலும் அது ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேராக இருக்கும் என்று நிறுத்திவிடும். கண்காணிப்பு ஓயாமல் நடக்க வேண்டும் என்பதால் ராமில் எப்போதும் ஒரு பங்கு இதற்குப் போகும். 4 ஜிபி ராமில் குரோமும் ஓடினால் இடம் போதாமல், வழிந்தது அதே டிஸ்கில்தான் போய் விழும்.

அக்கா வீட்டில் நான் கண்டது இரண்டு ஆன்டிவைரஸ். ஒன்று, கம்ப்யூட்டரைச் சரிசெய்தவர் போட்டுக் கொடுத்து, சந்தா முடிந்து இரண்டு வருடம் ஆனது. இன்னொன்று, வேறு எதையோ இன்ஸ்டால் செய்தபோது டிக் எடுக்காமல் விட்டதால் ஒட்டிக்கொண்டு வந்த இலவசம். ஒன்று சோதனைக்காகப் படிப்பதையே மற்றது இன்னொரு ஃபைல் திறப்பாகப் பார்த்து மறுபடி சோதிக்கிறது. ஒரே சாலையில் அடுத்தடுத்து இரண்டு டோல்கேட். இவர்கள் இருப்பதைப் பார்த்து விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒதுங்கிக்கொண்டது. வெளி ஆன்டிவைரஸ் பதிவானால் டிஃபெண்டர் விலகுவதும், அது போனால் தானே திரும்பி வருவதும் விண்டோஸ் 10-இல் இயல்பான ஏற்பாடு.

காவலே இல்லாமல் விடலாமா என்றால், அந்த வீட்டுக்கு ஆகாது. மாமாவின் பென் டிரைவ் ஜெராக்ஸ் கடைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடக்கிறது. உண்மையான ஃபைலை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கும் வைரஸ்கள் பரவுவது இந்த வழியில்தான்.

எதை வைத்துக்கொள்வது? ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக்கில் இருக்கும் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் என்ற பரிசோதனை நிறுவனம், எது எத்தனை வைரஸ் பிடிக்கிறது என்பதோடு, எது கம்ப்யூட்டரை எவ்வளவு மெதுவாக்குகிறது என்பதையும் தனியாகச் சோதித்து வெளியிடுகிறது. பழைய கம்ப்யூட்டர்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதை. இலவசம் என்றாலும் அதற்கு விலை உண்டு: பயனர்கள் எந்தெந்த இணையதளத்துக்குப் போனார்கள் என்ற தகவலை விற்றதற்காக, அமெரிக்காவின் வணிக ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிசி 2024-இல் அவாஸ்ட் நிறுவனத்தை 1.65 கோடி டாலர் கட்ட வைத்தது. பணம் கொடுத்து வாங்குவதானால் சென்னையில் 1991-இல் தொடங்கிய கே7, புனேயின் குவிக் ஹீல் என்று நம் பக்கமே இருக்கின்றன. சோதனைக் காலத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். அக்காவுக்கு நான் டிஃபெண்டரே போதும் என்று முடிவு செய்தேன்.

ஒரு கவலை மட்டும் தீரவில்லை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. 2013 கம்ப்யூட்டரில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. டிஃபெண்டருக்கான வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் ஆன்டிவைரஸ் வாசலைக் காக்கும். சுவரில், அதாவது விண்டோஸில், விழுந்த ஓட்டையை அடைக்காது. அதனால் பேங்க் வேலையை அதில் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மாற்றும் வேலை ஒரு மதியத்தில் முடிந்தது. முதலில் கணக்கு ஃபைல்களைப் புதிய பென் டிரைவில் நகல் எடுத்தேன். பிறகு ஒன்றை அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட். மற்றதை அன்இன்ஸ்டால், ரீஸ்டார்ட். கெர்னலில் ஏறிய டிரைவர் சும்மா இறங்காது, ரீஸ்டார்ட் வேண்டும். ஷட் டவுன் கொடுத்து ஆன் செய்தால் ஆகாதா என்று மாமா கேட்டார். ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இருந்தால் ஆகாது: ஷட் டவுனில் விண்டோஸ் கெர்னலை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்து, ஆன் செய்ததும் அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். சந்தா முடிந்த ஆன்டிவைரஸின் மிச்சம் அப்படியும் போகவில்லை. அந்த நிறுவனமே தரும் நீக்கும் கருவியை ஓட்டியபிறகுதான் போனது. டிஃபெண்டர் தானாக விழித்தது. முதல் இரண்டு நாள் கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும் என்று அக்காவிடம் சொன்னேன். ஒருமுறை சோதித்து, பிறகு மாறாத ஃபைலை அது நினைவில் வைத்துக்கொண்டு விட்டுவிடும். அந்த நினைவு சேரும்வரை பொறுக்க வேண்டும்.

காவல் உண்மையிலேயே விழித்திருக்கிறதா என்று பார்க்கவும் வழி உண்டு. ஐக்கார் என்ற அமைப்பு வகுத்த 68 எழுத்துச் சோதனை வரி அது. எந்தக் கெடுதலும் செய்யாது. எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸாகவே நடத்த வேண்டும் என்பது ஒப்பந்தம். நோட்பேடில் நான் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு தட்டினாள். டெஸ்க்டாப்பில் சேவ் செய்தோம். ஐகான் வந்தது, உடனே காணாமல் போனது.

"எங்கடா போச்சு?" என்று அக்கா திரையருகே குனிந்தபோது, வலது மூலையில் டிஃபெண்டரின் அறிவிப்பு எட்டிப் பார்த்தது.