கற்பனை நாட்டுக்குச் சட்டம் எழுதுகிறீர்களா? தண்டனையிலிருந்து தொடங்காதீர்கள்

குமரி மாவட்டத்தில் சொத்து வழக்கு நடத்துகிறவர்களுக்குக் கொல்லம் ஆண்டு என்ற கேரள ஆண்டுக்கணக்கில் தேதி போட்ட மலையாளப் பத்திரங்கள் பழகிப்போனவை. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும்வரை இது திருவிதாங்கூர் மண். அதனால்தானோ என்னவோ, கற்பனை நாவல் எழுதும் இளைஞர்கள் சிலர் பழைய சட்டங்களைப் பற்றிக் கேட்டு என்னிடம் வருகிறார்கள். அவர்களுடைய முதல் கேள்வி பெரும்பாலும் தண்டனையைப் பற்றியதாகவே இருக்கிறது.

குறிப்பாகச் சுசீந்திரம் கைமுக்கு. ஒழுக்கக்கேட்டுக் குற்றம் சுமத்தப்பட்ட நம்பூதிரிகள் கொதிக்கும் நெய்யில் கைவிட்டுத் தங்கள் தூய்மையை நிரூபிக்க வேண்டியிருந்தது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் காலத்தில் அது ஒழிந்தது. கதைக்கு வலுவான காட்சிதான், மறுக்கவில்லை. ஆனால் குற்றம் சுமத்தும் உரிமை யாருக்கு இருந்தது, கை வெந்ததா இல்லையா என்று தீர்மானித்தவர் யார், தோற்றவன் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் மறுநாள் எங்கே போனார்கள் என்று யோசிக்காமல் நெய்ச்சட்டியை மட்டும் எடுத்துவந்தால் அந்த நாட்டில் ஆட்கள் வாழமாட்டார்கள்.

என்னைக் கேட்டால், வாரிசுரிமையிலிருந்து தொடங்குங்கள். நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி இருந்தது. மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்கு. மனைவிக்கும் சொந்தப் பிள்ளைகளுக்கும் உகந்துடைமை என்று ஒரு பங்கு மட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டித் திருநெல்வேலிச் சீமைக்குப் போனால் அங்குள்ள வேளாளரிடம் மக்கள்வழி. ஒரு மலைக்கு இந்தப்பக்கம் மகன் கையேந்தி நிற்கிறான், அந்தப்பக்கம் அவனே உரிமையாளன். தகப்பன் தன் மகனைப் பார்க்கும் பார்வை, மருமகன் மாமனுடைய வயலைப் பார்க்கும் பார்வை, கல்யாணத்துக்கு யார் வீட்டில் சம்மதம் கேட்பது, எல்லாமே இங்கே மாறிவிடுகின்றன. போர்க்களமே இல்லாமல் ஒரு நாவலுக்குப் போதுமான பகை இதில் இருக்கிறது.

இந்த முறையைப் பெண்ணாட்சி என்று எழுதிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம் தருகிறது. இதே முறையில் வாழ்ந்த நாயர்களின் தரவாட்டில், அதாவது கூட்டுக்குடும்பத்தில், வம்சம் பெண்வழியே போனது உண்மை. நிர்வாகம் பொதுவாக மூத்த ஆணான காரணவர் கையில்தான் இருந்தது. பிரிவினை கேட்க இளையவர்களுக்கு வழியில்லாமல் இருந்தது. அந்த மனக்குமுறல்தான் திருவிதாங்கூரில் 1925ஆம் ஆண்டு நாயர் சட்டத்துக்கும், அதையொட்டி வந்த நாஞ்சில் நாட்டு வேளாளர் சட்டத்துக்கும் பின்னால் இருந்தது. கேரளம் கூட்டுக்குடும்ப முறையை ஒழித்த சட்டம் 1975இல்தான் வந்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் நம்மோடு வாழ்கிறார்கள். பெயரை மாற்றிவிட்டதாலேயே எதையும் எழுதலாம் என்று நினைக்க வேண்டாம்.

தூரத்திலிருந்து எடுப்பதானாலும் தீர்ப்புக்குப் பிறகு நடப்பதைப் பாருங்கள். பழைய ஐஸ்லாந்தில் பொதுச்சபை தீர்ப்புச் சொல்லும். அதை நிறைவேற்ற அரசனோ காவலரோ இல்லை. வென்றவனே நிறைவேற்றிக்கொள்ள வேண்டும். ஆள்பலம் இல்லாத விதவை தன் வழக்கை வலுத்தவனிடம் ஒப்படைப்பாள். அதற்கு அவன் என்ன கேட்பான்?

அருகிலேயே வேண்டுமென்றால் உத்திரமேரூர் போய்வாருங்கள். பெயரெழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு எடுத்து ஊர் வாரியங்களுக்கு, அதாவது நிர்வாகக் குழுக்களுக்கு, ஆள் தேர்ந்த முறையைச் சொல்லும் குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே உள்ளன; சோழன் முதலாம் பராந்தகன் காலத்தவை, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினர்களும் ஓலையில் பெயரெழுதத் தகுதியற்றவர்கள் என்று உறவுமுறைகளையே அடுக்குகிறது கல்வெட்டு. தகப்பன் கணக்குக் காட்டவில்லை என்பதற்காகத் தகுதியிழந்த நேர்மையான இளைஞன் ஒருவனை அந்த ஊரில் நிறுத்தி எழுதத் தொடங்குங்கள்.